கழிவுநீர் அம்மோனியாவுக்கு ஓசோன்: நாற்றம் போகும், நைட்ரஜன் போகாது

குளிர்காலம் வந்தால் டெல்லியிலிருந்து ஒரு செய்தி தவறாமல் வரும். யமுனையில் அம்மோனியா ஏறிவிட்டது, வசீராபாத், சந்திராவல் குடிநீர் நிலையங்களில் உற்பத்தி குறைப்பு, இன்னின்ன பகுதிகளுக்குத் தண்ணீர் வராது. 2025 ஜனவரியில், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், இது டெல்லிக்கும் ஹரியானாவுக்குமான அரசியல் சண்டையாக மாறித் தேர்தல் ஆணையம் வரை போனது. செய்தியைப் படிக்கிறவருக்கு இயல்பாக ஒரு கேள்வி வரும். ஓசோன் எதையும் எரித்துவிடும் என்கிறார்களே, அதை விட்டால் அம்மோனியா போகாதா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதே கேள்வி வேறு வழியில் வருகிறது. எஸ்டிபி, அதாவது குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் அம்மோனியா அதிகம் என்று ஆய்வக அறிக்கை வரும். அடுத்த வாரமே ஓசோன் கருவியின் விலைப்பட்டியல் சங்கக் கூட்டத்துக்கு வந்துவிடும்.

சுருக்கமான பதில்: ஓசோனால் அம்மோனியாவை மாற்ற முடியும். ஆனால் சாதாரணக் கழிவுநீரில் அந்த வேலை மிக மெதுவாக நடக்கும், செலவு கட்டுப்படியாகாது, முடிவில் நைட்ரஜன் தண்ணீரிலேயே வேறு பெயரில் இருக்கும். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## அம்மோனியா என்பது இரண்டு ஆட்கள்

சிறுநீரிலுள்ள யூரியாவும் உணவுக் கழிவின் புரதமும் சிதைந்து அம்மோனியாவாகின்றன. சாக்கடையில் அது வருவது இப்படித்தான். தொழிற்சாலைகளில் உரம், சாயம், தோல் பதனிடுதல் போன்ற இடங்களிலிருந்தும் சேரும்.

தண்ணீரில் கரைந்ததும் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது.

1. கரைந்த வாயுவான அம்மோனியா. மூக்கில் ஏறுவது இதுதான். மீனின் செவுள் வழியாக உள்ளே போய் அதைக் கொல்வதும் பெரும்பாலும் இதுவே.

2. அம்மோனியம் அயனி. அம்மோனியா கூடுதலாக ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டால் இது. மணம் கிடையாது, காற்றில் பறக்காது, தண்ணீரோடு சமாதானமாக இருக்கும்.

எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பிஹெச், அதாவது அது அமிலமா காரமா என்று காட்டும் எண். 7 நடுநிலை, அதற்கு மேலே போனால் காரம். 25 டிகிரி வெப்பநிலையில் பிஹெச் 9.25 என்றால் பாதிக்குப் பாதி. பிஹெச் 7-ல் வாயு வடிவம் ஒரு சதவீதம்கூட இல்லை, சுமார் 0.6 சதவீதம். பிஹெச் 8-ல் 5 சதவீதம், 9-ல் 36 சதவீதம், 10-ல் 85 சதவீதம். வீட்டுக் கழிவுநீரின் பிஹெச் வழக்கமாக 7-க்கும் 8-க்கும் நடுவே நிற்கிறது. அதாவது நாம் ‘அம்மோனியா’ என்று பேசிக்கொண்டிருப்பதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் உண்மையில் அம்மோனியம். இந்த ஒரு விவரம்தான் கட்டுரையின் மீதிப் பாதியை இழுத்துக்கொண்டு போகப்போகிறது.

அறிக்கையைப் படிக்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை. ‘அம்மோனியா நைட்ரஜன்’ என்று போட்டிருந்தால் அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும் கணக்கு. வெறும் ‘அம்மோனியா’ என்றால் ஹைட்ரஜனையும் சேர்த்த எடை. அந்த எண் சுமார் 1.2 மடங்கு பெரிதாக இருக்கும். ஒரே தண்ணீருக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் கொடுத்துச் சண்டை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் கட்டுரையில் எல்லா எண்ணும் நைட்ரஜன் கணக்குதான்.

## ஓசோன் பலசாலிதான், ஆனால் ஆள் பார்க்கும்

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. காற்றையோ தூய ஆக்சிஜனையோ உயர் மின்னழுத்தத்துக்கு நடுவே செலுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். 1857-ல் வெர்னர் சீமென்ஸ் உருவாக்கிய கருவியின் அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. சேமித்து வைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும். ஆகவே பயன்படுத்தும் இடத்திலேயே, பயன்படுத்தும் நேரத்திலேயே தயாரிக்க வேண்டும். பிரான்ஸின் நீஸ் நகரம் 1906-லிருந்தே குடிநீரை இதைக்கொண்டு சுத்திகரித்து வந்தது.

குளோரினைவிட ஓசோன் வலிமையான ஆக்சிஜனேற்றி என்பது உண்மை. விற்பனைத் தாள்களில் முதல் வரியே அதுதான். அங்கேதான் குழப்பமும் தொடங்குகிறது. வலிமை என்பது வினை நடந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை அது சொல்லாது. ஓசோன் சில பொருள்கள்மீது கண்ணிமைக்கும் நேரத்தில் பாயும். சிலவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. எலெக்ட்ரான்கள் தாராளமாகக் கிடைக்கும் இடமாகப் பார்த்துத்தான் அது தாக்கும்.

வாயு அம்மோனியாவின் நைட்ரஜன் அணுவில் பயன்படுத்தப்படாத எலெக்ட்ரான் ஜோடி ஒன்று இருக்கிறது. ஓசோன் தாக்குவது அதைத்தான். அம்மோனியத்தில் அந்த ஜோடியை ஹைட்ரஜன் அயனி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிக்க இடமே இல்லாததால் அம்மோனியத்தோடு ஓசோன் வினைபுரிவதில்லை என்றே சொல்லிவிடலாம்.

ஸ்விட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் உள்ள ஈவாக் நீரியல் ஆய்வு நிறுவனத்தில் யூர்க் ஹொய்னே, ஹைன்ஸ் பாடர் என்ற இருவர் 1970-களில் இந்த வேகத்தை அளந்தார்கள். அவர்கள் கண்ட வேக மாறிலியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் லிட்டருக்கு 1 மி.கி. ஓசோன் இடைவிடாமல் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு எந்த அழுக்கும் இல்லை, ஓசோனுக்குப் போட்டியே இல்லை. இந்தச் சொகுசான நிலையில் அம்மோனியா பாதியாகக் குறையத் தோராயமாக ஆகும் நேரம்:

1. பிஹெச் 7: மூன்றரை நாள்.
2. பிஹெச் 8: ஏறக்குறைய 9 மணி நேரம்.
3. பிஹெச் 9: ஒன்றேகால் மணி நேரம்.

ஓசோன் தொட்டியில் தண்ணீர் நிற்கும் நேரமோ வழக்கமாகப் பத்து, இருபது நிமிடம்.

ஒப்பிட்டுப் பார்க்க நைட்ரைட்டை எடுத்துக்கொள்ளலாம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வழியில் வரும் இடைப்பொருள் அது. அதே 1 மி.கி. ஓசோனில் நைட்ரைட் பாதியாகக் குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடும் அப்படித்தான், பட்டென்று போய்விடும். ஒரே ஆயுதம்தான், எதிரில் நிற்பதைப் பொறுத்து நொடிக்கும் நாளுக்கும் உள்ள வித்தியாசம்.

## சரி, பிஹெச்சை ஏற்றிவிட்டால்?

புத்திசாலித்தனமான கேள்வி. சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டு பிஹெச்சை 9, 10 என்று தூக்கினால் அம்மோனியம் வாயு வடிவத்துக்கு மாறும், ஓசோன் தாக்கும். ஆய்வுக்கூடக் குடுவையில் நன்றாகவே நடக்கிறது. ஓசோனால் அம்மோனியா நீங்கியது என்று சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் காரநிலையில் செய்யப்பட்டவை என்பதைக் கவனித்தால் புரியும். நடைமுறையில் மூன்று முட்டுக்கட்டைகள் வருகின்றன.

முதலாவது, வினையே தன் கழுத்தை நெரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு அம்மோனியம் அயனியும் நைட்ரேட்டாக மாறும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது அமிலத்தை, வெளியே தள்ளுகிறது. 1 கிராம் நைட்ரஜனுக்கு 7.14 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறன், செலவாகிறது. லிட்டருக்கு 30 மி.கி. இருந்தால் 214 மி.கி. காரத்தன்மை காலி. பிஹெச் இறங்க இறங்க, இருக்கிற அம்மோனியா மறுபடி அம்மோனியமாகி ஒளிந்துகொள்ளும். வினை நிற்கும். காஸ்டிக் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் வெளியே விடுவதற்கு முன் பிஹெச்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அமிலம்.

இரண்டாவது, ஓசோன் காரநீரில் நிலைப்பதில்லை. அது வேகமாகச் சிதைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற இன்னும் மூர்க்கமான துகளாகிறது. அதுவும் அம்மோனியாவைத் தாக்கும்தான். ஆனால் ஓசோனுக்கு இருக்கும் பொறுக்கும் குணம் இதற்குக் கிடையாது, எதிரில் வந்ததையெல்லாம் அடிக்கும். கழிவுநீரில் எப்போதும் நிறைந்திருக்கும் கார்பனேட்டும் கரிமப் பொருள்களும் அதில் பெரும்பங்கைப் பறித்துக்கொள்கின்றன. காரம் ஏறும்போது கார்பனேட்டும் ஏறும் என்பது இதில் கூடுதல் வேடிக்கை.

மூன்றாவது, பிஹெச் 10, 11 வரை போவதென்று முடிவெடுத்துவிட்டால் ஓசோன் எதற்கு? அந்த நிலையில் வெறும் காற்றை ஊதினாலே அம்மோனியா வாயுவாக வெளியேறும். அதற்குப் பெயர் காற்று உரித்தல். பழைய, எளிய முறை. வெளியேறும் வாயுவை அமிலத்தில் பிடித்தால் அம்மோனியம் சல்ஃபேட், அதாவது உரம் கிடைக்கும்.

## கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வேதியியல் சமன்பாட்டின்படி ஒரு அம்மோனியா மூலக்கூறுக்கு நான்கு ஓசோன் மூலக்கூறுகள் வேண்டும். எடையில், 1 கிராம் நைட்ரஜனுக்கு 13.7 கிராம் ஓசோன். இது ஓசோனில் ஒரு துளிகூட வீணாகாத நிலையில் உள்ள எண்.

சுமார் 200 வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர். எஸ்டிபி சரியாக ஓடாததால் வெளிவரும் நீரில் லிட்டருக்கு 30 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் மிஞ்சுகிறது. மொத்தம் தினம் 3 கிலோ நைட்ரஜன்.

1. தேவையான ஓசோன்: 3 × 13.7 = தினம் 41 கிலோ. மணிக்கு 1.7 கிலோ.

2. மின்சாரம்: தூய ஆக்சிஜனிலிருந்து 1 கிலோ ஓசோன் எடுக்க நல்ல கருவிக்கு ஏறக்குறைய 10 யூனிட் ஆகும். காற்றிலிருந்து நேரடியாக எடுத்தால் 15 முதல் 20. குறைந்த கணக்கிலேயே தினம் 410 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் நாளுக்கு 3,300 ரூபாய், மாதத்துக்கு 1 லட்சம். ஆக்சிஜன் தயாரிக்க ஆகும் மின்சாரம் இதில் சேரவில்லை. காஸ்டிக் செலவும் சேரவில்லை.

3. அதே வேலையைப் பாக்டீரியா செய்தால்: 1 கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் சாதாரண ஆக்சிஜன். 3 கிலோவுக்கு 13.7 கிலோ. யூனிட்டுக்கு 1 கிலோ ஆக்சிஜனைத் தண்ணீரில் கரைக்கும் சுமாரான ப்ளோயர்கூட (காற்று ஊதும் கருவி) இதை 14 யூனிட்டில் முடித்துவிடும்.

410 எங்கே, 14 எங்கே. முப்பது மடங்கு வித்தியாசம்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். குடியிருப்புக்கு மணிக்கு 50 கிராம் ஓசோன் தரும் கருவி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால் 1.2 கிலோ ஓசோன். அது முழுக்க முழுக்க அம்மோனியாவுக்கே செலவானாலும் 88 கிராம் நைட்ரஜனைத்தான் மாற்ற முடியும். லிட்டருக்கு 30 மி.கி. என்பது 29 மி.கி. ஆகும். அதுவும் நடக்காது; கரிமப் பொருளும் நைட்ரைட்டும் முந்திக்கொள்ளும்.

செலவெல்லாம் செய்த பிறகு கையில் இருப்பது என்ன? நைட்ரேட். 30 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் 30 மி.கி. நைட்ரேட் நைட்ரஜனாக மாறியிருக்கும். மீனுக்கு நல்லதுதான், ஆற்றின் ஆக்சிஜனை அது குடிக்காது. ஆனால் ஏரியில் விட்டால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். நிலத்தடியில் இறங்கினால் கிணற்று நீரில் நைட்ரேட். இந்தியாவின் பொது வெளியேற்ற விதிகளில் ஆறு, ஏரிகளில் விடும் நீருக்கு அம்மோனியா நைட்ரஜன் 50 மி.கி. வரை அனுமதி, நைட்ரேட் நைட்ரஜனுக்கோ 10 மி.கி.தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் கழிவுநீர் நிலையங்களுக்குச் சொன்ன அளவுகோலில் மொத்த நைட்ரஜனே 10 மி.கி. பெயரை மாற்றி எழுதினால் மொத்தம் குறையாது. பாக்டீரியாவுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் அங்கே அடுத்த தொட்டியில் காற்றை நிறுத்தி, கொஞ்சம் கரிம உணவு கொடுத்தால், வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஓசோனில் அந்த இரண்டாம் படியே இல்லை.

## ‘எங்கள் பிளாண்டில் வேலை செய்ததே’

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ட மாற்றத்துக்கு வேறு காரணம் இருக்கும். வழக்கமாக இவற்றில் ஒன்று:

1. நாற்றம் போனது. எஸ்டிபி நாற்றத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதன் உறவுக்காரக் கந்தகச் சேர்மங்களும். அவற்றை ஓசோன் நொடியில் அழிக்கும். மூக்குக்கு நிம்மதி. அம்மோனியம் மணமற்றது, அது அப்படியே இருக்கும்.

2. காற்றில் போனது. பிஹெச் அதிகமான நீரில் எந்த வாயுவைக் குமிழ்களாக விட்டாலும் அம்மோனியா அதோடு வெளியேறும். ஓசோனுக்குப் பதில் காற்றை அதே அளவு ஊதியிருந்தாலும் அதே எண் வந்திருக்கும். தண்ணீரிலிருந்த சிக்கல் மோட்டார் அறைக் காற்றுக்கு இடம் மாறியிருக்கிறது.

3. நைட்ரைட் போனது. அரைகுறையாக வேலை செய்யும் எஸ்டிபியில் நைட்ரைட் தேங்கும். 1 கிராம் நைட்ரைட் நைட்ரஜனுக்கு 3.4 கிராம் ஓசோன் போதும், உடனே நடக்கும். சோதனைக் கிட்டில் நைட்ரைட் பூஜ்யம் காட்டியதும் ‘நைட்ரஜன் பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

4. சோதனை ஏமாற்றியது. நீரில் குளோரினோ புரோமினோ மிச்சமிருந்தால் நிறம் பார்த்து அம்மோனியாவை அளக்கும் முறைகள் தவறான எண் தரும். மாதிரியில் முதலில் சோடியம் தயோசல்பேட் சேர்த்து அதை நீக்க வேண்டும்.

5. பாக்டீரியா செய்தது. இதுதான் எனக்குப் பிடித்த காரணம். ஆக்சிஜனிலிருந்து தயாரிக்கும் ஓசோன் வாயுவில் பத்தில் ஒரு பங்கு ஓசோன் இருந்தாலே நல்ல கருவி. மீதியெல்லாம் தூய ஆக்சிஜன். ஓசோன் சிதைந்தாலும் ஆக்சிஜனே வருகிறது. மூச்சுத்திணறிக்கொண்டிருந்த நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கு, அடுத்த தொட்டியிலோ வடிகட்டியிலோ, திடீரென்று விருந்து கிடைக்கிறது. அம்மோனியா குறைகிறது. பெயர் ஓசோனுக்கு.

ஐந்தையும் பிரித்துப் பார்க்க வழி எளிது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் அளக்க வேண்டும். ஓசோன் உண்மையிலேயே 10 மி.கி. அம்மோனியா நைட்ரஜனை மாற்றியிருந்தால் நைட்ரேட் நைட்ரஜன் 10 மி.கி. ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் அது வேறெங்கோ போயிருக்கிறது.

## உப்புநீரில் கதை வேறு

ஒரு உண்மையான விதிவிலக்கு உண்டு: புரோமைடு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 65 மி.கி. புரோமைடு இருக்கிறது. ஓசோன் அம்மோனியத்தைக் கண்டுகொள்ளாவிட்டாலும் புரோமைடை வேகமாகத் தாக்கி ஹைப்போபுரோமஸ் அமிலமாக்கும். இந்த அமிலம் அம்மோனியாவோடு நொடியில் சேர்ந்து புரோமமீன் என்ற சேர்மமாகும். அது சிதைந்தும் ஓசோனால் தாக்குண்டும் ஒரு பங்கு நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது, ஒரு பங்கு நைட்ரேட்டாகிறது. புரோமைடு மறுபடி விடுபட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். அதாவது அது ஒரு தரகர். ஓசோனுக்கும் அம்மோனியாவுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் நடுவில் நின்று காரியத்தை முடித்துக்கொடுக்கிறது. பிஹெச்சை ஏற்றவும் வேண்டாம்.

கடல்மீன் காட்சியகங்களிலும் உப்புநீர் வளர்ப்புத் தொட்டிகளிலும் ஓசோன் நன்னீரில் நடப்பதைவிட வேறு மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். அங்கே உண்மையில் வேலை செய்வது புரோமின். மிச்சப் புரோமின் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு என்பதால், ஓசோன் விட்ட நீரைக் கிளர்வூட்டிய கரியில் வடித்த பிறகே தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ஓசோன் அதிகமானால் புரோமைடு புரோமேட்டாகும். அது புற்றுநோய் ஐயமுள்ள பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் போலக் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்த இடங்களில், கிணற்று நீரின் உப்போடு புரோமைடும் வருகிறது. குளோரைடு 1,000 மி.கி. கடலிலிருந்து வந்திருந்தால் கூடவே ஏறக்குறைய 3.4 மி.கி. புரோமைடு இருக்கும். அப்படிப்பட்ட நீரைக் குடிக்கப் போகிறோம் என்றால் ஓசோன் விடுவதற்கு முன் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், புரோமேட் உருவாவதைத் தடுக்கக் குடிநீர் நிலையங்களில் சில நேரம் வேண்டுமென்றே கொஞ்சம் அம்மோனியா சேர்க்கிறார்கள். அம்மோனியா அந்தப் புரோமினை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும்.

## டெல்லிக்குத் திரும்பினால்

யமுனையில் குளிர்காலத்தில் நீரோட்டம் குறைவு. மேலே பானிபட், சோனிபட் பக்கமிருந்து வரும் வடிகால்களின் ஆலைக் கழிவும் சாக்கடையும் நீர்த்துப்போக வழியில்லாமல் வசீராபாத் தேக்கத்தை அடைகின்றன. அங்குள்ள நிலையங்கள் அம்மோனியாவைச் சமாளிப்பது குளோரினால்தான். குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீன் ஆகி, மேலும் மேலும் போட்டால் உடைந்து நைட்ரஜன் வாயுவாகும். கணக்குப்படி 1 மி.கி. நைட்ரஜனுக்கு 7.6 மி.கி. குளோரின், நடைமுறையில் 8 முதல் 10. ஆற்றில் 1 மி.கி. இருக்கும்வரை தாக்குப்பிடிக்கலாம். 5 மி.கி. என்றால் 40, 50 மி.கி. குளோரின் கொட்ட வேண்டும். நீரிலுள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து அது டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத பொருள்களைத் தரும். ஆகவே நிலையத்தின் உற்பத்தியைக் குறைக்கிறார்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி குழாய்க்கு வரும் நீரில் 0.5 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது.

குளோரினுக்குப் பதில் ஓசோன் என்றால்? ஒரு நாளைக்கு 100 எம்ஜிடி, அதாவது 45.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் 3 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 41 மி.கி. ஓசோன் வேண்டும். குடிநீர் நிலையங்கள் வழக்கமாக விடுவது 1 முதல் 5 மி.கி. வரைதான். தினம் 18 டன்னுக்கு மேல் ஓசோன், அதற்கு 1.8 லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம். இத்தனையும் கொடுத்தாலும் பிஹெச் 7.5, 8 உள்ள ஆற்றுநீரில் வினை முடியும்வரை காத்திருக்கத் தொட்டி எங்கே?

ஓசோனையும் கிளர்வூட்டிய கரியையும் சேர்த்துப் போடும் நவீன நிலையங்களில் அம்மோனியா குறைகிறது என்பதும் உண்மை. அங்கே கரித்துகள்கள்மீது குடியேறிய பாக்டீரியாக்களே அதைச் செய்கின்றன. 1 மி.கி. நைட்ரஜனுக்கு 4.57 மி.கி. ஆக்சிஜன் தேவை, சாதாரணமாகக் காற்று பட்ட நீரில் கரைந்திருப்பதே 8 மி.கி. அளவுதான். 2 மி.கி. அம்மோனியாவுக்குக்கூட அது போதாது. ஓசோன் படி கூடுதல் ஆக்சிஜனைக் கரைத்து அனுப்புவதால் அந்த வரம்பு கொஞ்சம் உயர்கிறது. குளிரில் பாக்டீரியா மந்தமாகிவிடும் என்பதையும், அம்மோனியா ஏறுவதே குளிர்காலத்தில்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வடிகால்களின் முனையிலேயே சுத்திகரிப்பதைத் தவிர மலிவான வழி இல்லை.

## ஓசோனுக்கு உரிய இடம்

கழிவுநீரில் ஓசோனுக்கு நல்ல வேலைகள் இருக்கின்றன: சாயநீரின் நிறத்தை வெளுப்பது, நாற்றத்தை அடக்குவது, கிருமிகளைக் கொல்வது, மருந்து எச்சங்களைச் சிதைப்பது. ஹொய்னேயும் பாடரும் வேலை செய்த அதே டூபென்டார்ஃபில், நொய்கூட் கழிவுநீர் நிலையம் 2014 முதல் மருந்து எச்சங்களை ஓசோனால் நீக்கி வருகிறது. அங்கேயும் அம்மோனியாவை முந்தைய தொட்டிகளில் பாக்டீரியாக்கள் முடித்துவிடுகின்றன. ஓசோன் கடைசியில்தான் வருகிறது. அந்த வரிசை முக்கியம். அம்மோனியா மிக அதிகமாக உள்ள, சூடான ஆலைக் கழிவுகளுக்கு அனமாக்ஸ் என்ற பாக்டீரியா முறை இருக்கிறது. 2002-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதல் முழு அளவு உலை வந்தது. அதில் காற்றூட்டத் தேவை பாதிக்கு மேல் குறைகிறது.

## சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோக

ஓசோன் கருவிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை:

1. கருவி மணிக்கு எத்தனை கிராம் ஓசோன் தரும்? அதை 24-ஆல் பெருக்கி 13.7-ஆல் வகுத்தால், தினம் எத்தனை கிராம் நைட்ரஜனை மாற்ற முடியும் என்பதன் உச்சவரம்பு கிடைக்கும். அறிக்கையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

2. எந்த பிஹெச்சில் சோதித்தார்கள்? நைட்ரேட்டையும் அளந்தார்களா?

3. தண்ணீரிலிருந்து தப்பும் ஓசோனை அழிக்கும் கருவி விலையில் சேர்ந்திருக்கிறதா? மூடிய அறைக் காற்றில் 0.1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு ஓசோன்) என்பதே ஊழியர்களுக்கான வழக்கமான வரம்பு. பெரும்பாலான எஸ்டிபிகள் அடித்தளத்தில் இருப்பதால் இதை விட்டுக்கொடுக்க முடியாது.

அதற்கும் முன்னால் எஸ்டிபியிலேயே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. காற்றூட்டத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் 2 மி.கி. இருக்கிறதா? மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் ப்ளோயரை நிறுத்துகிறார்களா? நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா மெதுவாகப் பெருகும் இனம். சகதியை அடிக்கடி அள்ளிக் கொட்டினால் அது வேர்பிடிக்காது. காரத்தன்மையையும் சோதியுங்கள். மழைநீரோ மென்னீரோ அதிகம் கலக்கும் இடங்களில் காரத்தன்மை தீர்ந்து, பிஹெச் 6.5-க்குக் கீழே இறங்கி, பாக்டீரியா வேலையை நிறுத்தியிருக்கும். அப்படியென்றால் தேவைப்படுவது சில மூட்டை சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா.